சீனியர் கொடுத்த நோட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் பொது மருத்துவத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு தடிமனான பாடநூல் இருந்தது. "அத முடிக்கிறதுக்குள்ள பரீட்சையே முடிஞ்சிடும்" என்று சீனியர் ஒருவர் தன் கையெழுத்து நோட்டைக் கொடுத்தார். பழைய கேள்வித்தாள்களில் வராததையெல்லாம் தள்ளிவிட்டு எழுதியது. பாம்புக்கடிக்கு ஒன்றரைப் பக்கம். அதுவும் ரத்தம் கசியவைக்கும் விரியனுக்கு மட்டும். பாரம் குறைந்ததுபோல இருந்தது.

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஒரு மாத மருத்துவ முகாமுக்குப் போனபோது நோட்டை மட்டும் எடுத்துப்போனேன்.

ஒரு காலையில் ஓர் இளம்பெண்ணை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். "விடியக்காலம் வயித்த வலின்னு எழுந்தா. ராத்திரி சாமைச் சோறுதான் துன்னா, எங்ககூடத்தான் தரையில படுத்தா" என்றார் கணவர். உடம்பில் காயமில்லை, வீக்கமில்லை. அஜீரணம் என்று முடிவுகட்டி ஊசி போட்டுப் படுக்கவைத்தேன்.

பத்து மணிவாக்கில் அவள் இமைகள் சரிந்தன.

"தூக்கம் வருதாம்மா?"

இல்லையென்று தலையசைத்தாள். கொடுத்த தண்ணீர் விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது. அப்போதுதான் பயந்தேன். ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூருக்கு இறங்கினோம். பாதி மலையில் மூச்சு நின்றது. வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நாடி இல்லை.

கல்லூரி விடுதிக்குத் திரும்பியதும் பாடநூலைப் பிரித்தேன். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன், இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் தடம் தெரியாமலும் போகலாம். முதலில் வயிற்றுவலி, பிறகு இமைகள் சரியும். மொத்தம் ஒரு பத்திதான்.

தேர்வுக்கு அந்த நூலையே முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாம்புக்கடி கேட்கப்படவில்லை. தேறினேன்.

அதன் பிறகுதான் அந்தப் பெண்ணின் ஊருக்குப் போகத் துணிவு வந்தது. கணவர் வாசலில் கோலால் புளி தட்டிக்கொண்டிருந்தார். கடித்தது பாம்பாகத்தான் இருக்கவேண்டும் என்று சொன்னேன்.

"அப்ப நாங்க வூட்ல பாம்பத் தேடியிருக்கணுங்களா?"

"இல்லீங்க. நான்தான் கண்டுபிடிச்சிருக்கணும். அதப் படிக்காம விட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார். உள்ளே இரண்டு குழந்தைகள் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தன.

"இனிமே இதுங்கள கட்டில்ல படுக்க வெக்கட்டுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "கட்டில்லயே படுக்க வையுங்க."