கண்ணுக்குக் கொடுத்த மாதுளை

மாதுளம்பழத்தைப் பிளக்கும்போது வருகிற அந்த 'நறுக்' சத்தம் அடுக்களையில் கேட்டால் போதும், காரைக்குடியில் எங்கள் தெருக்கோடியில் நான் நொண்டியடித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாலும் என் காது அங்கே போய்விடும். பழம் எனக்கில்லை, என் தங்கைக்கு. ஆரோக்கியமேரி என்று பெயர். ஆரோக்கியம் பெயரோடு சரி. தின்பது எதுவும் "ஒட்டாத உடம்பு" அவளுடையது, பச்சைத் தண்ணீர் குடித்தாலும் "ஒட்டுகிற உடம்பு" என்னுடையது என்று அம்மா முடிவுகட்டிவிட்டதால், சந்தையில் வாங்கும் கொய்யாவும் சப்போட்டாவும், தேனில் ஊறிய நெல்லிக்காயும், மிளகு தட்டிப்போட்ட முருங்கைக்கீரைச் சாறும் அவளுக்கே போயின.

பழத்தையாவது மன்னித்திருப்பேன். அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு முத்தாக ஊட்டுவாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுத இப்போதும் வெட்கமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்துக்கொண்டிருப்பவர் வாயில் முதலில் கொஞ்சம் போட்டுவிட்டுத்தான் பிள்ளைக்கு ஊட்டுவார்கள். இல்லையென்றால் "கண்ணு பட்டு" தின்றது ஒட்டாதாம். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, கதவோரம் நின்று இமைக்காமல் பார்க்கத் தொடங்கினேன். "இந்தா, கண்ணு வைக்காத" என்று அம்மா என் வாயில் நாலு முத்தைப் போடுவாள். அவள் விரல் உதட்டில் பட்டுப் போகும். அதற்காகத்தான் அத்தனை முறைப்பும்.

ஒரு மழைக்காலத்தில் மேரிக்குக் காய்ச்சல் வந்து, தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள். நான் வழக்கம்போலக் கதவோரம் போய் நின்றேன்.

"நீ அங்குட்டுப் போடி. பாத்துப் பாத்தே புள்ளையப் படுக்க வச்சுட்ட" என்று அம்மா கதவைச் சாத்தினாள். மேரி தேறிவிட்டாள். ஆனால் அதன்பிறகு மாதுளை உரிக்கும்போதெல்லாம் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

இப்போது அந்த வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. ரத்தச்சோகை எனக்கு. முருங்கைப் பொடியை மாத்திரையாக அடைத்து டப்பாவில் விற்கிறார்களே, அதை மேரிதான் வாங்கி வருகிறாள், கன்னம் மினுமினுக்க. போன வாரம் மாதுளையும் கொண்டுவந்து, தட்டில் உதிர்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்ப இந்தப் பழம்னாலே கொமட்டும்க்கா. நீ தெருவுல ஓடியாடுறத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே முழுங்குவேன். உம்மேல எம்புட்டு எரிச்சலா இருக்கும் தெரியுமா?"

அத்தனை நாள் அம்மா மடியில் சாய்ந்திருந்தவளுக்கு என்மேல் எரிச்சலாம். நான் அவளையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா இப்புடி மொறைக்கிற?" என்று நாலு முத்தை எடுத்து என் வாயில் போட்டாள். உதட்டில் பட்டது அப்படியே அம்மாவின் விரல். அம்மாவிடமிருந்து அதையும் அவளே வாங்கிக்கொண்டுவிட்டாள்.