கைகாட்டியில் நின்ற கூட்ஸ் வண்டி

இப்போது தென்காசி வழியாகப் போகும் சரக்கு வண்டியை மின்சார எஞ்சின் இழுக்கிறது. புகையும் இல்லை, பெருமூச்சும் இல்லை. பாவி வண்டி, யாரையும் நினைத்துக்கொள்ளக்கூட நேரம் கொடுக்காமல் ஓடிவிடுகிறது.

மீட்டர்கேஜ் காலத்தில் அப்படியா? கூட்ஸ் இழுத்த நீராவி எஞ்சின்களின் பக்கவாட்டில் 'ஒய்.ஜி.' என்று எழுதியிருக்கும். நான் முதலில் படித்த இங்கிலீஷ் எழுத்துகள் அவைதான். பாசஞ்சருக்கு வழிவிட்டு, எங்கள் கொல்லைக்கு நேரே இருந்த கைகாட்டியடியில் அரைமணி நேரமாவது மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும்.

சாரல் மாதத்தில் விறகெல்லாம் நமுத்துப்போகும். அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு வாளியும் செம்பு நிறையத் தண்ணீருமாக என்னையும் கூட்டிக்கொண்டு தண்டவாளத்துக்குப் போவாள். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேன் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாளியில் நாலு கட்டி நிலக்கரி போடுவார். முகமெல்லாம் கரி, சிரித்தால் பல் மட்டும் தெரியும். ஒரு செம்புத் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்கிற மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"ஏட்டி, கரி கீழ கிடந்துச்சுன்னு வீட்டுல சொல்லு, என்ன?" என்பாள் அத்தை. சொன்னேன். எனக்கென்ன, குளிக்க வெந்நீர் கிடைத்தால் சரி.

ஆவணியில் அவளைக் கடையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை போலீஸ். பேசி முடித்த நாளிலிருந்து அத்தையைக் கொல்லைப் பக்கம்கூட விடவில்லை. புறப்படும்போது அப்படி அழுதாள். எல்லாப் பெண்களும் அழுவதுதான் என்றாள் அம்மா.

அடுத்த வாரம் கூட்ஸ் வந்து நின்றது. நான் மட்டும் செம்போடு போனேன். பயர்மேன் எனக்குப் பின்னாலேயே பார்த்தார்.

"அத்தை வரலையா?"

"அத்தைக்குக் கல்யாணம் ஆயிட்டு! கடையத்துக்குப் போயாச்சு!" எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். எவ்வளவு பெருமை எனக்கு!

வாங்கிய செம்பை அப்படியே திருப்பிக் கொடுத்தார். கரியும் போடவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டோமே, அந்தக் கோபம் என்று நினைத்தேன். நியாயம்தானே? வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த கல்யாண லட்டுகளில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது.

"மாமா, அத்தை கல்யாண லட்டு. உங்களுக்குத்தான்."

இறங்கி வந்து வாங்கிக்கொண்டார். என் முன்னாலேயே நின்று, ஒரு துகள் கீழே சிந்தாமல் முழுசையும் தின்றார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நான் குதித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.