கருப்பு நாய்களுக்கு முகம் தந்தவர்

ரோஸ்லின் அக்கா இறந்துபோன செய்தியைப் பள்ளங்கியிலிருந்து பூண்டு ஏற்றி வரும் ஜீப்காரர் முருகேசன்தான் கடைக்கு வந்து சொன்னார். "அக்கா பனியில ரோட்டோரமா புல்லுல படுத்து நாயைப் படம் பிடிச்சுக்கிட்டு இருந்துருக்காங்க. கார்க்காரன் பஸ்ஸை முந்துறேன்னு வளைவுல புல்லு மேல ஏத்திட்டான்மா" என்றார். புல்லில் கிடந்த காமிராவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "கடைசியில நாயாலதானே போயிட்டாங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அப்போதே அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் கடையைப் பூட்டிக்கொண்டு முருகேசன் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடைக்கானலில் நானும் ரோஸ்லின் அக்காவும் கூட்டாக ஸ்டுடியோ நடத்தினோம். அவர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் சரிசெய்வேன். கல்யாணம், ஞானஸ்நானம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் போக மிச்ச நேரம் முழுக்க அவருக்குத் தெரு நாய்கள்தான். படத்தை நெட்டில் போடுவார். பார்த்தவர்கள் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து நாயைக் கூட்டிப்போய் வளர்ப்பார்கள். அவற்றில் பாதி, சீசனுக்கு வந்த பங்களாக்காரர்கள் ஆசைக்குக் குட்டி வாங்கி, சீசன் முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டு மலை இறங்கும்போது வெளியே விட்டுப்போனவை. அந்தப் புண்ணியவான்களை ஊரில் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஆரம்பத்தில் ஒரு நாய்ப் படத்துக்கு நான் கூலிங்கிளாஸ் மாட்டி, பின்னால் ரோஜாத் தோட்டம் வைத்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம்! "ஏம்மா, இது என்ன மாப்பிள்ளையா? கண்ணை மறைச்சுட்டா அதுக்கிட்ட வேற என்ன கெடக்கு?" என்று அழிக்கச் சொன்னார்.

பிஸ்கட் காட்டிக் கூப்பிடவும் விடமாட்டார். "பிஸ்கட்டைப் பாக்குற மூஞ்சி எல்லா நாய்க்கும் ஒண்ணுதான்" என்பார். ஈரப் புல்லில் வயிறு பட நீட்டிப் படுத்து, அந்த நாய் இவரை மறந்து தன் சோலியைப் பார்க்கும்வரை அப்படியே கிடப்பார். ஒரு காது திரும்பும், நெற்றி சுருங்கும், எதையோ நினைத்த மாதிரி கண் மாறும். அப்போதுதான் பட்டனை அமுக்குவார்.

கருப்பு நாயை எடுத்து வளர்க்க யாரும் வருவதில்லை. வெயிலில் எடுத்த படத்தில் அது கரித்துண்டு மாதிரி விழும், கண் எது மூக்கு எது என்று தெரியாது. மூடுபனியில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பரவுவதால் புருவ மயிர்கூடத் தெளிவாக வரும். இதைக் கண்டுகொண்ட பிறகு, ஊரே கதவைச் சாத்தும் நேரத்தில் அவர் காமிராவை மாட்டிக்கொண்டு கிளம்புவார். "வெரசா வாம்மா, கருப்பனுக்கு முகம் வந்துருச்சு" என்று என்னையும் இழுப்பார். அவர் எடுத்த படங்களால் எத்தனையோ கருப்பு நாய்கள் வீடு போய்ச் சேர்ந்தன. "பனியில அங்க என்ன வேலை?" என்று இன்றைக்குக் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

அடக்கம் முடிந்த பிறகு கடைத்தெருக்காரர்கள் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மாலை போட்டார்கள், எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்த கையோடு கடைக்காரர் சங்கத் தலைவர் சொன்னார்: "அக்கா நினைவா ஒரு தீர்மானம் போடுவோம். ரோட்டுல திரியிற நாய்ங்களைப் பூராம் பிடிச்சு மலைக்குக் கீழ கன்னிவாடிப் பக்கம் எறக்கி விட்டுருவோம். இன்னொரு உசுரு போகக் கூடாது பாருங்க." கை தட்டினார்கள்! வாழ்நாளெல்லாம் எந்த ஜீவன்களுக்காக அவர் புல்லில் கிடந்தாரோ, அவற்றை அவர் பெயரைச் சொல்லியே துரத்தப் பார்க்கிறார்கள். இரங்கலாம் இரங்கல்!

நான் எழுந்தேன். காமிராவில் இருந்த கடைசிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மாலைக்குப் பக்கத்தில் வைக்கக் கொண்டுபோயிருந்தேன். அதை அவர்கள் முன்னால் பிடித்தேன். புல்லில் ஒரு கருப்பு நாய். காதுகள் பின்னால் ஒட்டிக் கிடக்கின்றன. வாய் குரைத்தபடி திறந்திருக்கிறது. கண் காமிராவைப் பார்க்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலே, அவருக்குப் பின்னால் வருவதைப் பார்க்கிறது.

"நல்லாப் பாருங்கய்யா. காரைப் பாத்துத்தான் கத்துது. வளைவுல ஹாரன் அடிக்காம வந்தவன் மனுசன். சத்தம் குடுத்தது இந்த நாய். இதையா பிடிச்சு எறக்கப் போறீங்க?" என்று கேட்டேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, தீர்மானத்தை அப்புறம் பாப்போம்" என்றார். பார்க்கட்டும். எப்போது கூட்டம் போட்டாலும் இந்தப் படத்தோடு போய் நிற்பேன்.

அக்கா, உங்கள்மீதும் எனக்குக் கோபம்தான். அதைச் சொல்லாமல் வழியனுப்ப மனம் வரவில்லை. ஒரு நாயின் மூஞ்சியைப் பார்த்தே அதற்குப் பசியா, பயமா என்று சொல்லிவிடுவீர்களே! அத்தனை பயத்தையும் அது உங்கள் கண்ணுக்கு நேராகக் காட்டியிருக்கிறது. எதைப் பார்த்துப் பயப்படுகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம். நீங்கள் பட்டனை அமுக்கியிருக்கிறீர்கள்.

படம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. போய் வாருங்கள், பாவி மனுஷி.