கடலோரத்தில் ஒரு ஷிஃப்ட்

அலுவலகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இருபத்தைந்து நாள் தனியாகச் சைக்கிள் மிதித்தாயே, அதில் எந்த நாள் ரொம்ப அழகு? பன்னிரண்டாவது நாள் என்று சொல்லி, படத்தையும் காட்டுகிறேன். பிரான்சில் செத் என்ற ஊருக்குப் போகும் பாதை. ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் உப்பு ஏரி, நடுவே மெல்லிய மணல்திட்டில் சைக்கிள் தடம். ஏரியில் பூநாரைகள். பார்த்தவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் படத்தை எடுத்த நேரத்தில் என் அம்மா மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள். இதை யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் அவர்கள் முகம் மாறும். பிறகு அந்த முகத்துக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் வேண்டாம் என்று என்றோ சொல்லிவிட்டேன். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவள். ஏழாவது நாளாவது யாரும் இடிக்காமல் எங்காவது போக வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் சைக்கிள். சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டைச் சுற்றி வந்தேன், பங்காரப்பேட்டை வரை போனேன், பிறகு கோலார் வரை. கடைசியில் ஸ்பெயினில் வலென்சியாவில் தொடங்கி இத்தாலியில் ஜெனோவா வரை கடலை ஒட்டியே போவது என்று முடிவு செய்தேன். ஒரு வருஷ விடுப்பைச் சேர்த்து வைத்தேன்.

"மாப்ள வேணாம், சைக்கிளு வேணுமா?" என்றாள் அம்மா. அப்போதே அவள் கால்கள் வீங்கியிருந்தன. இருதயத்துக்கு ஒரு சோதனை எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதை எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்டில் கீழே இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி அனுப்ப மாட்டார்கள். மனசு கலங்கினால் கை தவறும், ஒருவன் கை தவறினால் அந்த ஆழத்து லெவலில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. அவன் மேலே வரும் நேரத்தில் உறவுக்காரர்கள் இரண்டு பேர் போய் ஷாஃப்ட் என்ற சுரங்கக் குழியின் வாயில் நிற்பார்கள். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வந்து இறங்குகிறவன் அந்த இரண்டு பேரைப் பார்த்ததுமே புரிந்துகொள்வான். என் தம்பி எட்டு மாதக் குழந்தையாகச் செத்தபோது அப்பா மேலே வரும்வரை அம்மா ஆறு மணி நேரம் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரையும் ஷாஃப்டுக்கு ஓடவிடவில்லை.

பயணத்தில் தினமும் மதியம் எங்காவது நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வீடியோ கால் போடுவேன். ஊரில் அப்போது சாயங்காலம். அம்மா எடுத்ததும் முதலில், "இன்னா சாப்ட?" அடுத்தது, "கடல காட்டு." போனைத் திருப்பிக் காட்டுவேன். "நம்ம வேளாங்கண்ணி கடலு மாதிரிதான் கீது. இதுக்கா அவ்ளோ தூரம் போன?" என்பாள். தினமும் இதேதான். தினமும் எரிச்சல் வரும்.

பன்னிரண்டாம் நாள் போனை எடுத்தது அப்பா. வீட்டுக்கு வெளியே சந்தில் நின்றிருந்தார். "காத்து எப்டி கீது?" என்றார். பக்கவாட்டில் அடிக்கிறது, சைக்கிளையே தள்ளுகிறது என்றேன். கடலைக் காட்டினேன், பூநாரைகளைக் காட்டினேன். பார்த்தார். "ஜாக்ரதயா போ" என்று வைத்துவிட்டார். மறுநாளும் அவர்தான். பின்னால் நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அக்டோபர், ஜெபமாலை மாதம், வீடு வீடாக ஜெபம் நடக்கும், அம்மா அங்கே போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்செய் வந்தது, நீஸ் வந்தது. சன்ரெமோவில் பழைய ரயில் சுரங்கத்துக்குள் சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். அப்பா அதன் நீளத்தைக் கேட்டார். ஜெனோவாவில் சைக்கிளோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாரிகுப்பத்தில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் அப்பாவும், கல்யாணமாகித் தனியே இருக்கும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான்கு படி ஏறினாலே இரைக்கிற அப்பா, என்னை அழைத்துப் போக ஒரு நாளும் ஸ்டேஷனுக்கு வந்ததில்லை. இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எப்போ?" என்றேன்.

"நீ அந்தக் குருவிங்கள காட்ன அன்னிக்கு. காலைல."

"மண்ணு போடக்கூட வர வேணாமா நானு? என்னப் பெத்தவப்பா!"

"தன்னந்தனியா ரோட்ல போறவளாண்ட சொல்லி, நீ லாரில போய் வுழுந்தா?"

"நான் இன்னா ஷாஃப்டுக்குள்ளயா இருந்தேன்? கடலோரமா சைக்கிள் ஓட்டினு இருந்தேன்!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அப்பா.

நாற்பதாம் நாள் வரை அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு ரயிலுக்குப் போனேன், வந்தேன். நல்லது செய்துவிட்டதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மனிதரை வெறுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. அம்மாவின் நாற்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு மறுபடி கத்தினேன். எந்த உரிமையில் என்னிடம் மறைத்தீர்கள் என்று.

லைன் வழக்கத்தில் இன்னொரு பாதி உண்டு. வேண்டுமென்றேதான் அதை மேலே எழுதாமல் விட்டேன். செய்தியை அனுப்பக் கூடாது. ஆனால் கீழே இருக்கிறவன் சந்தேகப்பட்டு, வீட்டில் என்ன என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் பொய் சொல்லக் கூடாது. அது எனக்கும் தெரியும்.

அப்பா சத்தம் போடவில்லை. "நீ கேக்கலயே மா" என்றார். "தெனம் போன எடுத்துனு வெளிய வந்து நிப்பேன். இன்னிக்காவது அம்மா எங்கன்னு கேப்பா, சொல்லிடலாம்னு. பதினாலு நாளு. நீ கடலையே காட்டினு இருந்த."

நாற்காலிச் சத்தம் கேட்ட அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. அம்மா எங்கே என்று கேட்டிருந்தால் பாதியில் திரும்பியிருக்க வேண்டும். எனக்கு ஜெனோவா வேண்டியிருந்தது.