உள்ளறையின் நாலு மூலை

எனக்கு இந்தியாதான் வெளிநாடு. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, வாக்கப்பட்டது எல்லாம் மலாயாவில், ஈப்போ பட்டணத்தில். முப்பது வயது தாண்டித்தான் முதன்முதலாக நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினேன். பிடிக்காவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிவிடுவேன் என்று அங்கேயே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய பாட்டனார் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். அந்தப் பக்கமே ஒரு பழைய வீட்டை வாங்கி, செப்பனிட்டு, அதில் இருக்க வேண்டும் என்று இவருக்கு ஒரே பிடிவாதம். சண்டை வரப்போகிறது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்திருந்த சமயம். அதனால் நானும் மூட்டையைக் கட்டினேன்.

வீட்டை வெளியிலிருந்து பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஓட்டுக் கூரை நடுவில் தொய்ந்து கிடந்தது. இதற்குத்தானா கடல் தாண்டி வந்தோம் என்று இவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டேன். பிறகு உள்ளே போனேன். சித்திரை மாத உச்சி வெயில் வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே அப்படியொரு குளிர்ச்சி. செம்புறாங்கல் சுவர், அதன் கனத்துக்குள்ளேயே ஓர் ஆள் படுத்துத் தூங்கலாம். ஈப்போவில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வாழ்ந்தவள் நான். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டுத் தட்டு அதிரும். இங்கே உள்ளறையில் நின்று இவரைக் கூப்பிட்டேன், முன்கட்டில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இதை யார் அடுக்கினார்கள், எத்தனை பேர் இதில் பிறந்து வளர்ந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வாங்கிவிடலாம் என்று கடைசியில் சொன்னது நான்தான்.

விற்றவர்கள் ஒரு கணவன் மனைவி. பொன்னமராவதியில் கடை வைத்திருந்தார்கள், கடைக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சாவியை என் கையில் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எங்கிட்டு வேணாலும் இடிச்சுக்கங்க, கட்டிக்கங்க. உள்ளறையில சாமி மூலையை மட்டும் தொட்றாதீங்க. வீடு கட்டி முடிச்சதும் நாங்க வந்து எடுத்துக்கிட்டுப் போயிருவோம்.”

சரி என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஓட்டைப் பிரித்தால் வௌவால், மரத்தைத் தட்டினால் கரையான், மூலையைக் கூட்டினால் தேள். கரையான் தின்ற பனஞ்சட்டங்களை எல்லாம் மாற்றினோம். சுவரை மட்டும் யாரும் தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. மிச்சம் இருந்தது மண் தரை. சாணி போட்டு மெழுக எனக்குக் கை வராது, வரவும் வேண்டாம் என்று தீர்மானித்தேன். திருக்கோகர்ணத்திலிருந்து சிமிட்டி வேலை தெரிந்த கொத்தனாரை வரவழைத்துச் செங்காவி கலந்து தரை போடச் சொன்னேன்.

உள்ளறையில் சாமி மூலையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஈசானிய மூலையில் ஒரு சின்ன மாடம், அதில் பல காலத்துப் புகைக்கரி, குங்குமத் தீற்றல். வேறென்ன வேண்டும்? கொத்தனார் அதையும் பூசி மெழுகிவிடப் பார்த்தார். கையை வைத்தால் கூலி கிடையாது என்றேன். மாடத்துக்குக் கீழே தரையில்கூட ஒரு பாய் அளவுக்குச் சிமிட்டி போடாமல் விட்டோம். மற்ற இடமெல்லாம் தேங்காய் நாரால் நானே நாள் கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன். ஊர்ப் பெண்கள் பார்க்க வந்து, காலை வைக்கத் தயங்கி நிலைப்படியிலேயே நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் அவர்கள் வந்தார்கள், ஒற்றை மாட்டு வண்டியில், கணவனும் மனைவியும். மறுநாள் விடியற்காலையில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்களாம். அந்த அம்மா தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வந்திருந்தாள். கையில் ஓர் ஓலைப்பெட்டி. நேரே உள்ளறைக்குப் போனவள் நடுவில் நின்றுவிட்டாள்.

“எங்கங்க?” என்றாள்.

“இதோ, அப்படியே இருக்கே. ஒரு துரும்புகூட அசையலை” என்று மாடத்தைக் காட்டினேன். குரலில் எவ்வளவு பெருமை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அது வெளக்கு மாடம்ல” என்றாள். பிறகு எதிர்மூலைக்குப் போய், என்னுடைய சிவப்புத் தரை மேல் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் அதைத் தடவினாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மூலைன்னா நாலு மூலை இருக்கு. இதுன்னு காட்டியிருக்கணும். இங்க ஒரு படம் இருந்துச்சா, கல்லு இருந்துச்சா, எதை வச்சுச் சாமின்னு நான் கண்டுபிடிக்கிறது?”

“எங்க வீட்டுப் புள்ளைக்கு எதுக்குங்க படமும் கல்லும்?”

பெட்டியைத் திறந்தாள். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு புதுப் பாவாடை, எட்டு வயதுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணவனின் பூட்டனார் காலத்தில் அந்த வீட்டுப் பெண் குழந்தை ஒன்று வைசூரி கண்டு அந்த மூலையில் படுத்திருந்தது. அங்கேயே இறந்தும் போயிற்று. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த மூலையில் புதுப் பாவாடை வைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்த இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்ப் புது வீட்டில் வைத்தால் அவளும் கூடவே வந்துவிடுவாள்.

“பேரு என்ன?” என்று கேட்டேன்.

“பேரு யாருக்குங்க தெரியும். பாப்பான்னுதான் கூப்புடுவோம்.”

என் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் அம்மாவை ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் புதைத்தார்கள். எந்தப் பக்கம் என்று அப்பாவுக்கே பின்னால் மறந்துவிட்டது. இவர்களோ பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தைக்கு, அவளைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்த பிறகும், வருஷம் தவறாமல் அளவு பார்த்துத் துணி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாங்கியது இவ்வளவு பெரிய வீடு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆண்கள் இரண்டு பேரும் சமாதானம் பேசினார்கள். அவள் கணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அவுக ஆசையாப் போட்ட தரை. கொல்லையில ஒரு பிடி அள்ளிக்குவோமே. எல்லாம் இந்த வீட்டு மண்ணுதானே.”

“அவ கொல்லையிலயா கெடந்தா?” என்றாள் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. “பாப்பாவை விட்டுட்டு நாளைக்கு நான் அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். நீங்க மட்டும் போய்ப் பால் காச்சிக்கங்க.”

தரையை உடை என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒருவேளை நான் முறுக்கிக்கொண்டிருப்பேன், என் குணம் எனக்குத் தெரியும். கொல்லைப்புறம் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன். இவர், “கொஞ்சம் யோசி” என்றார். “யோசிச்சாச்சு, விலகுங்க” என்றேன்.

முதல் போடு போட மனசே வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். அத்தனை நாள் தேய்த்த தரை. நாலைந்து போட்டில் விரிசல் விட்டது. பிறகு இவரும் அவள் கணவரும் கடப்பாரையை வாங்கிக்கொண்டார்கள். சிமிட்டி பெயர்ந்து, அடியில் கொட்டிய சரளையும் போய், பழைய மண் தெரிந்தது. நன்றாகச் சிவந்த மண், சாணி மெழுகிய தடம்கூட அடுக்கடுக்காக இருந்தது. அந்த அம்மா கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினாள். “வா தாயி, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்று, தூங்குகிற பிள்ளையை எழுப்புவது போலச் சொன்னாள். மண்ணைப் பாவாடையில் முடிந்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, கொல்லையில் விட்டுப்போயிருந்த ஆட்டுரலையும் வண்டியில் ஏற்றினார்கள். சின்ன வண்டி. உரலும் ஓட்டுகிறவர் இடமும் போக இன்னும் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. அங்கே வைக்கோலைப் பரப்பி, முடிச்சை அதன் மேல் வைத்தாள். தான் ஏறாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“ஏறுங்க” என்றேன்.

“பாப்பா உக்காரணும்ல. நான் நடந்தே வாரேன்.”

பொன்னமராவதி அங்கிருந்து நாலு மைல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கணவர் மாட்டை அதட்டினார், வண்டி அசைந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே ஓடி, ஈப்போவிலிருந்து கொண்டுவந்த என் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“எனக்கு வேணாங்க, பழகுன வெயிலுதானே” என்றாள் அந்த அம்மா.

“உங்களுக்கு இல்லை” என்று சொல்லிக் குடையை விரித்து, அந்த வைக்கோலுக்கு மேலே வண்டியின் பக்கவாட்டு முளைக்குச்சியில் வைத்துக் கட்டினேன்.