துருவத்திலிருந்து வந்த நேர்கோடு

1. போன்

"சார், நீங்க பண்ணின சென்சர் செத்துப்போச்சு போல. பிளேன் ஏறுது, இறங்குது. கிராஃப் மட்டும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி வருது."

சாட்டிலைட் போனில் ரஃபீக் இதைச் சொன்னபோது நான் அபுதாபி முசாஃபாவில், எங்கள் ஒர்க்‌ஷாப்பில், ஏ.சி.க்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். அவர் இருந்தது வட துருவத்தை ஒட்டிய ஒரு தீவில், பனிமேல். ரஃபீக் கீழக்கரைக்காரர். தன் மாமாவின் ஜவுளிக் கடை வேலைக்காக அபுதாபி வந்தவர். வெள்ளிக்கிழமைகளில் மாடல் பிளேன் விடுவார். அந்தக் கைத்திறனைப் பார்த்துத்தான் எங்கள் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது.

இன்று ட்ரோன் என்கிறார்கள். இரண்டாயிரங்களில் எங்களுக்கு அது வெறும் 'பிளேன்'. கையால் வீசி விடலாம். மூக்கில் வெப்பத்தை அளக்கும் சென்சர், வயிற்றில் ரீடிங்கைப் பதியும் பெட்டி. பெட்டி என் வேலை.

அதை ஆர்டர் செய்தவர் இங்கிரிட் என்ற ஐரோப்பிய ஆராய்ச்சியாளர். துருவத்தில் காற்று அசையாத நாட்களில், கனத்த குளிர்காற்று தரையோடு தங்கிவிடும். அதற்குச் சற்று மேலேயே வெப்பம் சட்டென்று கூடும். எந்த உயரத்தில், எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று அவர் அளக்க வேண்டும். எங்கள் பாலைவனத்திலும் குளிர்கால விடியலில் இதே அமைப்பு மிதமாக உண்டு. மூடுபனி வருவதே அதனால்தான். அதனால் ஒத்திகைக்கு இங்கே வந்தார். மணல்மேட்டில் எடுத்த கிராஃபைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமான கோடு எனக்கு யாரும் தந்ததில்லை" என்றார். அன்று என் கால் தரையில் படவில்லை. பிளேனோடு, அதை ஓட்ட ரஃபீக்கையும் கூட்டிக்கொண்டு அவர் துருவத்துக்குப் போனார்.

2. ருவைஸ் பழக்கம்

அந்தச் சுத்தம் எப்படி வந்தது என்பதை இங்கிரிட்டிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு முன் ருவைஸில் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினீயராக இருந்தேன். அங்கே ஒரு ரீடிங் திடீரென்று எகிறினால் அது பெரும்பாலும் வயர் கோளாறு. கன்ட்ரோல் ரூமில் வீணாக அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் நம்மைத் திட்டுவான். ஆகவே ஒரு விதி எழுதி வைப்போம்: ரீடிங் அளவுக்கு மீறித் தாவினால் நம்பாதே, கடைசி நல்ல ரீடிங்கையே பிடித்துக்கொள். பிளேன் மோட்டாரின் அதிர்வில் சென்சர் ரீடிங் குதித்தது. கை தானாக அதே விதியைப் பெட்டியிலும் எழுதியது. பாலைவனத்தில் வெப்பம் மிதமாகவே ஏறியதால் அந்த விதியில் சிக்காமல் போய்விட்டது.

ரஃபீக் போனில் தொடர்ந்தார். "இன்னொண்ணு சார். கேம்ப் பக்கத்துல ஒரு மேடு இருக்கு. அதுல ஏறினா தொப்பியைக் கழட்டலாம் போல இருக்கு. கீழ இறங்கினா காது அறுந்துபோகுது. இது என்ன ஊரு சார், தலைகீழா?"

அந்த வாக்கியம் முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சென்சர் சாகவில்லை. இங்கிரிட் தேடிப் போன அந்தத் தாவலைத்தான் என் பெட்டி கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, தரையின் ரீடிங்கையே மேலே வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. தள்ளிய ரீடிங் எதையும் அது சேமிக்கவும் இல்லை.

நான் சொன்னது இதுதான்: "சென்சர்ல ஐஸ் படிஞ்சிருக்கும் ரஃபீக். நல்லா துடைச்சிட்டு திரும்ப விட்டுப் பாருங்க."

சென்சர் முடி போல மெல்லியது. கையுறையோடு துடைக்க முடியாது. எனக்கு அது தெரியும்.

3. துடைத்த விரல்கள்

அடுத்த நாளும் போன் வந்தது. "துடைச்சாச்சு சார். அதே கோடுதான்." மறுபடியும் துடைக்கச் சொன்னேன். இந்த வாரம் முடிந்தால் காற்று எழும்பிவிடும், அப்புறம் இந்த சீசனே கலாஸ் என்று இங்கிரிட் பின்னால் சொல்வது கேட்டது. என் மானம் போகாமல் சரிசெய்ய ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் இங்கிரிட்டே பேசினார். ரஃபீக்கின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிட்டன, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருக்கிறோம் என்றார். அப்போதுதான் சொன்னேன். விதியை எழுதியது நான், முதல் நாளே எனக்குத் தெரியும், இரண்டையும் சொன்னேன்.  அவர், "அந்த விதியை எப்படி எடுப்பது?" என்று மட்டும் கேட்டார்.

லேப்டாப்பை மாட்டி ஒரு வரியை நீக்கினால் போதும். நீக்கினார்கள். ரஃபீக் கட்டுப் போட்ட கையோடு பிளேனை ஓட்டினார், அதை இங்கிரிட் வீசி விட்டார். மாலையில் வந்த கிராஃபை இன்றும் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதிர்வின் குதிப்புகளோடு அசிங்கமான கோடு. ஆனால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியதும் படி ஏறுவது போலத் தாவுகிறது வெப்பம். முசாஃபா வெயிலில் நாங்கள் பற்றவைத்த பெட்டி, யாரும் ஏணி வைக்க முடியாத அந்தக் காற்றை அளந்தது. அதில் எனக்கு இருக்கும் பெருமை குறையவே இல்லை. முந்தைய நாட்களின் அசையாத காற்று மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இளைஞர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கருவி சொல்வதை உன் பழக்கத்தால் திருத்தாதே. திருத்தியது தெரிந்தால், போனை வைப்பதற்கு முன் சொல்லிவிடு.

ரஃபீக் பிறகு குவைத்துக்குப் போய் ஃபஹாஹீலில் கேமரா கடை வைத்தார். ஒருமுறை போயிருந்தேன். பால் விடாத சுலைமானி டீ வந்தது. கொதிக்கும் கிளாஸை அந்த இரண்டு விரல்களால் சாதாரணமாக எடுத்தார்.

"சூடே தெரியல சார். இதுலயும் ஒரு சௌகரியம்" என்று சிரித்தார்.

என் கிளாஸ் மேசைமேல் இருந்தது. அது ஆறும்வரை அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.