என் கணக்கில் நானாக இருந்தவர்

மீனாட்சிபுரம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பால் சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர். அதன் மெயில் புரோகிராமில் ஆளுக்கொரு கணக்கு அமைத்து, ஒருவர் மெயில் மற்றவருக்குத் தெரிகிறதா என்று சோதிக்க ஒருவர் வந்தார். தலை முழுக்க நரைத்தவர். கணக்கு மாறும்போதெல்லாம் வெளியே போய், செருப்பைப் போட்டுக் கழற்றி, புது ஆளாக உள்ளே வருவார்.

என் கைக்குழந்தைக்குச் சங்கத்துப் பால் தரலாமா என்று என் மெயிலில் டாக்டருக்கு எழுதியிருந்தேன். ஒரு வயது வரை கூடவே கூடாது என்று பதில் வந்திருந்தது. அந்தப் பாலை அமிர்தம் என்று சொல்லும் செயலாளர் இதைப் பார்த்தால் என் வேலை என்னாகும்? முன்பே அழித்திருக்கலாமோ?

“என் மெயில் தெரியுதுங்களா?” என்று அவரிடம் கேட்டேன்.

“இப்ப நான் செக்ரட்டரிங்க. உங்க மெயில் எனக்கெப்படித் தெரியும்?”

“முன்னாடி என் கணக்குல இருந்தீங்களே, அப்பப் படிச்சீங்களா?”

“அப்ப நான் நீங்களாச்சே அம்மிணி. உங்க மெயிலை நீங்க படிச்சதுக்கு எங்கிட்டக் கேட்டா?”

அவர் கிளம்பும்போது செயலாளர் ஒரு பால் பாக்கெட்டைக் கையில் திணித்தார். “நம்ம சங்கத்துப் பாலுங்க. ஊட்டுல குழந்தைக்குக் குடுங்க.”

“ஒரு வயசு ஆகட்டுமுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பைக்கில் ஏறினார்.

“இந்த வயசுல கைக்குழந்தையா!” என்று செயலாளர் வாயைப் பிளந்தார்.

சோதிக்க வந்தவர் வீட்டில் குழந்தை இருந்ததா, இல்லை அப்போதும் என் கணக்கிலேயே இருந்தாரா, எனக்கு இன்றும் தெரியவில்லை.